ஆயிரத்துக்கு எவ்வளவு?

சாக்லேட் வாங்குவதற்கு ஒரு மனிதன் இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று என் மனைவி கேட்டது நியாயம்தான். காட்பாடி காந்தி நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட். குளிர்பெட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கால் மணி நேரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கடைப் பையன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை பொறுக்க முடியாமல், "அண்ணா, எக்ஸ்பயரி டேட்டு அந்தாண்ட மூலையில கீது" என்றான். நான் தேடியது அதை இல்லை. பால் இல்லாத சாக்லேட் வேண்டும், அதில் யாருடைய பிள்ளையின் உழைப்பும் திருடப்பட்டிருக்கக் கூடாது. இதை அவனிடம் சொன்னால் சிரிப்பான், அல்லது பயப்படுவான். "தேங்க்ஸ் தம்பி" என்று சொல்லிக் கதவை மூடினேன்.

பால் இருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதுதான் சிக்கல். அதற்கு வழி காட்டியது இணையமும் இல்லை, சான்றிதழும் இல்லை. குடியாத்தத்தில் பீடி சுற்றிய என் பெரியம்மா, வாயில் சாக்லேட்டை ஒதுக்கிக்கொண்டே கேட்ட ஒரு கேள்விதான். அது கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்னும் முழுசாகப் பதில் கிடைக்கவில்லை.

பாலை விட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். புத்தகம் படித்து மனம் மாறியவன் இல்லை நான். ஒரு செவ்வாய்க்கிழமை நைனாவோடு பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனேன். எங்கள் வீட்டு ஜெர்சி கலப்புப் பசு வரிசையாக மூன்றாவது தடவையும் காளைக் கன்று போட்டிருந்தது. கிடாரியாக இருந்திருந்தால் வீட்டில் நின்றிருக்கும். டிராக்டர் வந்த பிறகு உழவுக்குக் காளை வேண்டாம், சினை ஊசி வந்த பிறகு அதற்கும் வேண்டாம். அப்புறம் அது குடிக்கிற பால் நஷ்டக் கணக்கு. தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினார், நைனா தலையாட்டினார், கன்று வண்டி ஏறியது. யாரும் கெட்டவர்கள் இல்லை. திரும்பி வரும்போது சாலையோரக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார், எனக்கு இறங்கவில்லை. அவ்வளவுதான். பாலையும் விட்ட இந்தச் சைவத்தை வீகன் என்கிறார்கள், தமிழில் நனிசைவம் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. எங்கள் தெருவில் அதைச் சொன்னால் ஏதோ மடத்தில் சேர்ந்துவிட்டான் என்று நினைப்பார்கள். அதனால் "பால் சேக்கறதில்ல" என்று மட்டும் சொல்வேன். உடனே "சுகரா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவது எவ்வளவோ சுலபம்.

டீயை விட்டுவிட்டேன், தயிர்சாதத்தை விட்டுவிட்டேன், ஆற்காட்டு மக்கன் பேடாவைக்கூட விட்டுவிட்டேன். அது உள்ளூர்க்காரர்களுக்கே புரியும் தியாகம். சாக்லேட்டை மட்டும் விட முடியவில்லை.

பச்சைப் புள்ளியும் பொடி எழுத்தும்

கடைக்காரர்கள் பச்சைப் புள்ளியைக் காட்டி, "ப்யூர் வெஜ் சார்" என்பார்கள். அந்தப் புள்ளிக்குப் பாலும் தேனும் சைவம்தான். வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை நம் நாட்டில் 2022இல்தான் வந்தது. இலை முளைத்த ஒரு பச்சை 'வி' எழுத்து அதற்கான சின்னம். அதை வாங்க ஒரு கம்பெனி மெனக்கெட வேண்டும் என்பதால், பால் சேராத நல்ல சரக்கு சிலவற்றில் அது இருக்காது. சின்னம் இல்லை என்பதற்காகத் தள்ளவும் முடியாது, 'டார்க்' என்று பெரிதாக எழுதியிருக்கிறதே என்று நம்பவும் முடியாது. கறுப்பாக இருக்கிற எத்தனையோ சாக்லேட்டில் பால் கொழுப்போ பால் திடப்பொருளோ கொஞ்சம் கலந்திருக்கும். 'பால் கலந்திருக்கக்கூடும்' என்கிற வரி வேறு. அதே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் ஓடுகிறது என்று அர்த்தம். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை, என்னைப் போன்றவனுக்கு இல்லை.

சேர்மானப் பொருட்களுக்கு உறையில் போட்டிருக்கும் குறியீட்டு எண்கள்தான் முதலில் பயமுறுத்தின. ஐஎன்எஸ் 322 என்றால் லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 476 என்றால் பாலிகிளிசரால் பாலிரிசினோலியேட். வாயில் நுழையாத பெயர், ஆனால் அதன் மூலம் விளக்கெண்ணெய். எங்கள் ஆயா மாசம் ஒருமுறை மூக்கைப் பிடித்து எங்களுக்குப் புகட்டிய அதே ஆமணக்கு எண்ணெய், சாக்லேட்டை வழவழவென்று அச்சில் ஊற்றுவதற்காக வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வெயிலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோகோ வெண்ணெய் உருகுவது கிட்டத்தட்ட 34 டிகிரியில், நாக்கில் வைத்ததும் கரைவதற்குக் காரணமே அதுதான். கத்திரி வெயிலில் வேலூர் 42ஐத் தொடும். குளிர்பெட்டி இல்லாத பெட்டிக்கடையில் உண்மையான சாக்லேட் குழம்பாகிவிடும். அதனால் கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டுப் பனைக் கொழுப்பைச் சேர்த்த 'காம்பவுண்டு' சரக்குதான் இங்கே அதிகம் ஓடுகிறது. பனை என்றால் நம் நுங்குப் பனை இல்லை, செம்பனை. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டை வெட்டி வளர்த்த செம்பனை அதில் நிறைய உண்டு. பால் சேர்க்காத காம்பவுண்டு என்றால் அது வீகன்தான். ஆனால் காட்டில் இருந்த உராங்குட்டானுக்கு இந்த விளக்கத்தை யார் சொல்வது? கன்றுக்குட்டிக்காகப் பாலை விட்டவன் இதற்கு என்ன சொல்வான்? இங்கேதான் முதல் இடறல். பால் இல்லை என்பது ஒரு கதவு, அதைத் திறந்தால் அடுத்த கதவு.

அடுத்த கதவுக்குப் பின்னால் இருந்தது மேற்கு ஆப்பிரிக்கா. உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே பிள்ளைகள் வெட்டுக்கத்தியால் காயை உடைக்கிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள், மருந்து தெளிக்கிறார்கள் என்பது புதுச் செய்தி இல்லை. 2001இல் அமெரிக்காவில் ஹார்கின், எங்கல் என்ற இரண்டு மக்கள் பிரதிநிதிகள் முன்னின்று பெரிய சாக்லேட் கம்பெனிகளிடம் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். மிக மோசமான வகைக் குழந்தை உழைப்பை 2005க்குள் ஒழிப்பதாகப் பேச்சு. 2005 போனது, 2008 போனது, 2010 போனது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு, அந்த இரண்டு நாட்டுக் கோகோத் தோட்டங்களில் 15.6 லட்சம் பிள்ளைகள்.

படித்ததும் எல்லோரையும் போல நானும் சான்றிதழ் தேட ஆரம்பித்தேன். தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், கையைத் தூக்கிய ஆள் படம் போட்ட ஃபேர்டிரேடு என்கிற நியாய வணிகம், கம்பெனியே தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. கடைசியில் இணையத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பால் இல்லை, பனை எண்ணெய் இல்லை, ஓரத்தில் 'குழந்தைத் தொழிலாளர் இன்றித் தயாரிக்கப்பட்டது' என்ற வரி. ஐம்பது கிராம், முன்னூறு ரூபாய்க்குக் கிட்ட. இரண்டு வாங்கினேன். ஒன்றை மகள் ஒரே மூச்சில் முடித்தாள். இன்னொன்றைப் பெரியம்மாவுக்கு என்று எடுத்துவைத்தேன்.

சிரசு அன்றைக்கு

அம்மன் தலையை ஊர்வலமாக எடுத்துவந்து ஏற்றுகிற குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒண்ணாம் தேதி. ஊரே கௌண்டன்யா ஆற்றங்கரையில் நிற்கும். எங்கே வேலை பார்த்தாலும் அன்றைக்கு வந்து சேர்வது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம். அந்த வெயிலில், அந்த பஸ்ஸில், பைக்குள் வைத்திருந்த சாக்லேட் என்ன ஆகும் என்று யோசிக்காத முட்டாள் நான். பெரியம்மா வீட்டில் எடுத்துப் பார்த்தால் உறைக்குள் சாம்பார். பெரியம்மா அசரவில்லை. அதை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். சிரசு ஏற்றிவிட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, சாயந்தரம் வாசலில் உட்கார்ந்தபோது அதை வெளியே எடுத்தாள். மேலே வெள்ளை படர்ந்து, சுண்ணாம்பு பூசிய கல் மாதிரி இருந்தது. கத்தியின் பின்புறத்தால் தட்டி உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.

"இன்னாடா இது, கசக்குது?"

"பால் இல்ல பெரிம்மா. அதான்."

"எம்மாம்?"

சொன்னேன்.

"பால் போட்டா?"

"பால் போட்டா அதுல பாதி கூட ஆவாது."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "ஏம்மே, கேட்டியா? பால எடுத்துட்டா வெல ஏறுதாம்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உறையை நிமிர்த்திப் பிடித்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். இது பிள்ளைகளை வேலைக்கு வைக்காமல் செய்தது, அதற்குத்தான் இந்த விலை என்று விளக்கினேன். கொஞ்சம் பிரசங்கமாகவே இருந்திருக்கும். பெரியம்மா சிரிப்பை நிறுத்தினாள். உறையை வாங்கி, எழுத்துப் படிக்கத் தெரியாதவள், விரலால் தடவிப் பார்த்தாள்.

"யார் போய்ப் பாத்தது?"

"ஆடிட்டர்னு ஒருத்தர் வருவாரு. வருஷத்துக்கு ஒருவாட்டி."

"சொல்லிட்டு வருவானா, சொல்லாம வருவானா?"

எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வயசில் அவள் அட்வான்ஸுக்குப் போனவள். தாத்தாவுக்குக் காசநோய், மருந்துச் செலவுக்கு முதலாளியிடம் வாங்கிய 150 ரூபாய்க்கு ஈடாக இவள். 1969ஆம் வருஷம் என்று அவள் வயசை வைத்து நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். முதலாளி வீட்டுத் திண்ணையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள். பெரியவர்கள் சுற்றிப் போட்ட பீடிக்கு வாயை மடக்குவது அவர்கள் வேலை, சின்ன விரலுக்குத்தான் அது சீக்கிரம் வரும். தலை நிமிரக் கூடாது என்பதற்காகத் தாடைக்கும் மாருக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைச் செருகி வைப்பார்களாம். பெட்டி கீழே விழுந்தால் முதுகில் விழும். அதிகாரி வருகிற அன்றைக்குக் காலையிலேயே தெரிந்துவிடும். பிள்ளைகளைப் பின்கட்டு மாட்டுக்கொட்டாயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திண்ணையைப் பெருக்கிக் கோலம் போட்டுவிடுவார்கள். "அன்னிக்கு ஒருநா தான் எங்களுக்கு லீவு" என்றாள். எத்தனையோ தடவை அந்த வீட்டில் தூங்கியிருக்கிறேன், எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். இந்தக் கதை அன்றைக்குத்தான் வந்தது. ஒரு சாக்லேட் உறை அதை வெளியே இழுத்திருக்கிறது.

இதெல்லாம் சட்டம் இல்லாத காலம் என்று நினைத்துவிட வேண்டாம். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பீடித் தொழிற்கூடத்தில் வைக்கக் கூடாது என்று 1966லேயே சட்டம் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986, அதில் தடை செய்த தொழில்களின் பட்டியலில் பீடியும் உண்டு. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து பிள்ளை செய்யும் வேலைக்கு விலக்கு என்று அதிலேயே ஒரு ஓட்டை. இப்படிப்பட்ட ஓட்டைகள் வழியாகத்தான் பீடித் தொழில் திண்ணையை விட்டு வீட்டுக்குள் போனது. பெரியம்மாவும் கல்யாணம் ஆகி வந்த பிறகு வீட்டிலேயே சுற்றினாள். காலையில் இலையும் தூளும் எடைபோட்டு வாங்கி வருவாள். தகரத்தை வைத்துக் கத்தரியால் இலையை அளவாக வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவாள். சாயந்தரம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நல்லதையும் சேர்த்துக் கழிவு என்று ஏஜென்ட் ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவான். அதைவிட மோசம் இலை. தண்ணீர் தெளித்து எடை போடுவான். வீட்டுக்கு வந்து ஈரம் உலர்ந்தால் எடை குறைந்து, கணக்குக்கு இலை போதாது. குறையும் இலையைத் தன் காசில் வெளியே வாங்கிச் சுற்ற வேண்டும்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழுப்பரீட்சை லீவில் அங்கே போகும்போதெல்லாம் அக்காவோடு உட்கார்ந்து நானும் கட்டுக் கட்டியிருக்கிறேன். எனக்கு அது விளையாட்டு. பெரியம்மா பால் ஐசுக்குக் காசு கொடுப்பாள். லீவு முடிந்ததும் நான் வேலூருக்கு வந்துவிடுவேன். அக்கா அங்கேயே இருந்தாள், ஏழாவதோடு நின்றாள். சிகாகோக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து எண்ணியிருந்தால் யாரை எண்ணியிருப்பார்கள்? கோகோவிலும் இதே கதைதான். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடத்தி வரப்பட்டவர்கள் இல்லை. மாலி, புர்கினா ஃபாசோ பக்கமிருந்து கொண்டுவரப்படுகிறவர்கள் உண்டு, அது தனிக் கொடுமை. ஆனால் அதிகம் பேர் தம் அப்பாவின் தோட்டத்தில், தம் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள். 'குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்ற வரி அவர்களை என்ன செய்யும்? மாட்டுக்கொட்டாய்க்கு அனுப்பும்.

நான் இவ்வளவையும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பெரியம்மா இரண்டாவது துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கசப்பு பிடித்துப்போய்விட்டது போல. அப்போதுதான் கேட்டாள்.

"அத்த வுடு. ஆயிரத்துக்கு எவ்ளோ குடுக்கறான்? அத்த சொல்லு. பசங்க வேல செய்யுதா இல்லியான்னு நான் சொல்றேன்."

பீடியில் கூலி ஆயிரத்துக்குத்தான். ஒருத்தி தனியாக உட்கார்ந்தால் ஆயிரம் முடிக்கப் பொழுது முழுக்கப் போகும், சமையலும் தண்ணீர் பிடிப்பதும் சேர்ந்தால் எழுநூறு எண்ணூறோடு நிற்கும். அந்தக் கூலியில் ஒருத்தியின் எழுநூறு பீடி அரிசி வாங்கப் போதுமென்றால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். போதாதென்றால் மீதி முந்நூறுக்குப் பிள்ளையின் விரல் வரும். எந்த அம்மாவும் ஆசைப்பட்டு உட்கார வைப்பதில்லை. பெரியம்மாவுக்கு இது கொள்கை இல்லை, வாய்ப்பாடு. விலையைச் சொன்னால் வீட்டுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளால் சொல்ல முடியும். நான் வாங்கிய உறையில் கோகோவின் சதவீதம் இருந்தது, காட்டைப் பற்றி இருந்தது, பெண்கள் முன்னேற்றம் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது. விலை மட்டும் இல்லை.

கோகோவின் ஆயிரம்

ஊர் திரும்பியதும் அந்த விலையைத் தேட ஆரம்பித்தேன். நியாய வணிகச் சான்றிதழில் ஒரு தரை விலை உண்டு. 2019 அக்டோபரில் அது டன்னுக்கு 2,400 டாலர் என்று ஆனது, அதன்மேல் ஊர்ப் பொதுச் செலவுக்கு 240 டாலர். சந்தை விழுந்தாலும் அதற்குக் கீழே போகக் கூடாது. தவளைப் படக்காரர்களிடம் அப்படி ஒரு தரை விலை இல்லை. ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்து, விவசாயியின் வாழ்க்கைச் செலவுக்கென்று டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தது 2020 அறுவடையிலிருந்து. இந்த எண்களை எப்படிப் பெரியம்மாவிடம் சொல்வது? கணக்கைச் சின்னதாக்கினேன். 2,400 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் கிலோ 170 ரூபாய். ஒரு கோகோக் காயிலிருந்து காய்ந்த கொட்டை நாற்பது கிராம் வந்தால் அதிகம். எழுபது சதவீத சாக்லேட் ஐம்பது கிராம் செய்ய, ஓடு போக, வறுத்த ஈரம் போக, ஏறக்குறைய ஒரு காய் வேண்டும். ஆக, ஒரு சாக்லேட் ஒரு காய். அந்தக் காய்க்குத் தரை விலை ஏழெட்டு ரூபாய். நான் கொடுத்தது முன்னூறு.

சான்றிதழ் இருந்தாலும் அந்தக் காய் இந்த உறைக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பது அடுத்த அதிர்ச்சி. நம்மூர்ப் பால் சொசைட்டி மாதிரிதான். எங்கள் பசுவின் பாலும் எதிர்வீட்டுத் தண்ணீர்ப் பாலும் ஒரே கேனில் போகும். நல்ல பாலுக்கான காசு நல்லபடி ஊற்றியவருக்குப் போய்விடும், ஆனால் நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் யார் வீட்டுப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. கோகோவிலும் அப்படிக் கலந்துகொள்ள இந்தச் சான்றிதழ்கள் இடம் கொடுக்கின்றன. மோசடி என்று சொல்ல மாட்டேன், காசு போய்ச் சேர்ந்தால் சரி. (பாலை விட்டவன் பாலை வைத்தே உவமை சொல்கிறானே என்று மனைவி இதைப் படித்ததும் கேட்பாள்.)

விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. மழையும் நோயும் கெடுத்ததில் மேற்கு ஆப்பிரிக்க விளைச்சல் படுத்து, 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அந்தப் பருவத்துக்கு ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு அறிவித்திருந்த விலை கிலோவுக்கு 1,800 சிஎஃப்ஏ ஃபிராங்க், அதாவது மூன்று டாலர் அளவு. சந்தையில் பன்னிரண்டு, தோட்டத்தில் மூன்று. விளைச்சலை முன்கூட்டியே விற்று வைக்கும் முறை அங்கே. விழும்போது அது காப்பாற்றும், ஏறும்போது கட்டிப்போடும். அட்வான்ஸ் வாங்கியவன் நிலைமை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். இந்தியாவிலும் கோகோ விளைகிறது. 1965இல் வயநாட்டில் கேட்பரிக்காரர்கள் ஆரம்பித்து வைத்தது. இன்றைக்கு ஆந்திராவின் கோதாவரிப் பக்கம், கேரளம், கர்நாடகம், நம்மிடம் பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம் என்று தென்னைக்கும் பாக்குக்கும் நடுவில் ஊடுபயிராக நிற்கிறது. நாடு முழுக்கச் சேர்ந்தும் வருஷத்துக்குச் சுமார் 30,000 டன்தான், மீதித் தேவைக்கு இறக்குமதி. மங்களூரில் 1973இல் விவசாயிகளே கூட்டுறவாக கேம்ப்கோவைத் தொடங்கி, 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே வைத்தார்கள். ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ, ஆனைமலையில் சோக்லெட் என்று கொட்டையிலிருந்து சாக்லேட் வரை நம் பக்கமே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கித் தின்று பார்த்தேன், சில வகைகள் பிரமாதம். ஆனால் இந்தியாவில் விளைந்தது என்பதே ஒரு சான்றிதழ் ஆகிவிடுமா? குடியாத்தமும் இந்தியாவில்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஆனைமலைக்கு நான் ரயில் ஏறிப் போய் ஒரு ஆளைப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல், "கிலோ என்ன விலைக்குப் போட்டீங்க?" என்று கேட்க முடியும். ஐவரி கோஸ்ட்டில் முடியாது.

நான் ரயில் ஏறவில்லை. சோம்பேறி. கடிதம் எழுதினேன். பெரிய கம்பெனி ஒன்று, சின்னத் தயாரிப்பாளர்கள் மூன்று பேர். ஒரே கேள்விதான்: விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பெரிய கம்பெனியிலிருந்து வந்த பதிலில் 'நீடித்த நிலைத்த' என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது, எண் ஒன்றுகூட இல்லை. சின்னவர்களில் ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர், 'சந்தை விலையைவிட அதிகம்' என்று எழுதினார். எந்தச் சந்தை, எவ்வளவு அதிகம் என்று திருப்பிக் கேட்டேன். மௌனம். மூன்றாமவர் மட்டும் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, விலையையும் சொல்லி, போன வருஷம் என்ன கொடுத்தார் என்பதையும் சொன்னார். என்னை நம்பித் தனியாகச் சொன்ன எண் என்பதால் இங்கே எழுதவில்லை. அன்றையிலிருந்து அவரிடம்தான் வாங்குகிறேன். மாசம் ஒன்று, அதற்கு மேல் கட்டுப்படியாகாது. வெயில் காலத்தில் அவர் கூரியர் அனுப்புவதும் இல்லை.

மகள் பிறந்தநாளுக்கு வகுப்பில் 42 பேர். ஆளுக்கு முன்னூறு ரூபாய்ச் சாக்லேட் கொடுக்க நான் என்ன ஆற்காடு நவாபா? மல்லாட்டை உருண்டை வாங்கிக் கொடுத்தேன். நிலக்கடலை என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். மகள் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுவும் எவ்வளவு நேரம்? மல்லாட்டை ஆய்கிற காலத்தில் அணைக்கட்டுப் பக்கம் காட்டில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கே தெரியும். கூலி படி கணக்கு.

போன வாரம் பெரியம்மாவுக்கு போன் பண்ணினேன். காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றையும் இரண்டு தடவை கத்த வேண்டும். ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கேட்டாயே, ஒருத்தர் சொல்லியிருக்கிறார் என்று அந்த எண்ணைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பரவால்லியே. நல்ல வெலதான்" என்றாள். அப்புறம், "ஏண்டா, அது ஈரக் கொட்டைக்கா, காஞ்ச கொட்டைக்கா?"

நான் கேட்கவில்லை. ஈரக் கொட்டை மூன்று கிலோ புளிக்கவைத்து உலர்ந்தால் காய்ந்தது ஒரு கிலோதான் தேறும் என்பது எனக்குத் தெரியும். ஏதோ ஓர் இடத்தில் படித்து, குறித்துக்கூட வைத்திருந்தேன். இருந்தும் கேட்கத் தோன்றவில்லை.

"இல்ல பெரிம்மா, கேக்கல."

"கேளு."

திங்கட்கிழமை எழுதிப் போட்டேன். இன்றைக்கு வெள்ளி.